புகைப்பதை நிறுத்த உடன் ஒருவர் தேவையா?

கேள்வி: 12 ஆண்டுகளாகப் புகைத்துவரும் நான், மூன்று முறை தனியாகவே நிறுத்த முயன்று, ஒவ்வொரு முறையும் நான்காம் நாளில் தேநீர்க் கடை வாசலில் தோற்றுப்போனேன். உடன் நிறுத்துபவர் ஒருவர் இருந்தால் பயன் உண்டா?

மறுமொழி 1: உண்டு. நிக்கோட்டின் இல்லாத தவிப்பு முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும் என்றாலும், ஒவ்வொரு வேட்கையும் சில நிமிடங்களில் தணிந்துவிடுவதால், அந்நேரத்தைப் பேசிக் கடத்த ஒருவர் இருப்பது பேருதவி. நானும் அலுவலக நண்பரும் அப்படித்தான் தொலைபேசியில் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டோம். பெரும்பாலும் கிரிக்கெட்தான் பேசினோம்.

மறுமொழி 2: ஓர் எச்சரிக்கை. என் நண்பர் மீண்டும் புகைக்கத் தொடங்கியதும் நானும் தொடங்கிவிட்டேன். ஆகவே, ஏற்கெனவே நிறுத்திய ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்திய அரசின் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசகரும் பேசுவார்.

கேட்டவர்: நன்றி. மைத்துனர் இசைந்துவிட்டார், திங்கட்கிழமை தொடங்குகிறோம்.