ஓர் அறை விழுந்ததும் வழக்கு முடிந்துவிடுமா?

உவர்மலையான்:
வணக்கம். திருகோணமலையில் நண்பர்கள் நால்வர் சேர்ந்து இருபது நிமிடக் குறும்படம் ஒன்றுக்குக் கதை எழுதிக்கொண்டிருக்கிறோம். நகைக்கடைக் களவு ஒன்றில் சந்தேகத்தின் பேரில் பிடிபடும் இளைஞனைப் பற்றியது. கடைசிக் காட்சியில் பொலிஸ் பொறுப்பதிகாரி அவனை ஓங்கி அறைய, அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள, படம் முடிகிறது. கடந்த ஞாயிறு இதனை வாசித்துக் காட்டியபோது அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர், "தம்பி, எங்களை மடையர் எண்டு நினைச்சோ எழுதினனீர்?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கோபித்தது அந்த அடிக்காகவா, சட்டப் பிழைக்காகவா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பொழுதுபோக்குக்காக எடுக்கும் படத்தில் நடைமுறை இவ்வளவு சரியாக இருக்கத்தான் வேண்டுமா?

பழைய உரைபெயர்ப்பாளர்:
நீதிமன்றத்தில் நெடுங்காலம் உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். சட்டப் பிழை இருக்கிறது. ஆனால் பெரியவர் எழுந்து போனதற்கு அது மட்டுமே காரணமாக இராது.

2024 வரை நடைமுறையில் இருந்த 1872 ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலும், அதனை அடியொற்றி 1895 இல் இங்கே வந்த சாட்சியக் கட்டளைச் சட்டத்திலும் 25 ஆம் பிரிவு ஒன்றையே சொல்கிறது: பொலிஸ் அதிகாரியிடம் செய்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு, எதிராக நிரூபிக்க முடியாது. ஆகவே உங்கள் கதை முடியும் இடத்தில் உண்மையில் எதுவுமே முடியவில்லை. பிடியாணையின்றிக் கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும் என்பது 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் பொது விதி. அதே 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் செய்த ஒப்புதலைச் சான்றாக ஏற்க வழிவிட்டது. "ஒப்புக்கொண்டான்" என்ற ஒரு சொல்லால் போன வருடங்களை எண்ணக்கூடியவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களை முன்வரிசையில் இருத்திவைத்து, அந்தச் சொல்லுக்குக் கைதட்டச் சொல்கிறீர்கள்.

படங்களில் நான் அநேகமாகக் காணாதது காத்திருப்பு. வழக்குத் தவணை நாளில் காலை எட்டு மணிக்கே வந்துவிடும் தாய், சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, சிறைச்சாலை வாகனத்தின் கம்பிவலையில் மகனின் விரல்கள் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பெயர் கூப்பிட்டு, விளக்கமறியலை நீடித்து, அடுத்த திகதி கொடுப்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் நடந்துவிடும். என்ன சொன்னார்கள் என்று என்னிடம் வந்து கேட்பார். பதினான்கு நாள் என்பேன். பார்சல் கட்டு அவிழாமலே வீட்டுக்குத் திரும்பும்.

நிலாவெளி ரசிகன்:
ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் தவணைகளை அப்படியே படமாக்கினால் இடைவேளைக்கு முன்பே தியேட்டர் காலியாகிவிடும். காலத்தைச் சுருக்குவது படத்தின் தொழில், அதனை ஏமாற்று என்று சொல்லக்கூடாது. அடியையும் காட்டலாம். வெற்றிமாறனின் "விசாரணை", கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆட்டோ சந்திரகுமார் ஆந்திராவில் பொலிஸ் காவலில் தாம் பட்டதை வைத்து எழுதிய "லாக்கப்" நாவலிலிருந்து வந்தது. அதில் அடி நிறையவே உண்டு. செய்யாத குற்றத்தை அவர்கள் ஒப்புக்கொள்ள மறுத்து நிற்பதில்தான் அங்கே நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறோம். உங்கள் கதையிலோ அவன் ஒப்புக்கொண்டதும் நாங்கள் செருப்பைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

வெள்ளைச் சீருடை:
நான் தாதி. கைக்குட்டையில் குளோரோஃபோம் நனைத்து மூக்கில் வைத்த கணமே ஆள் சரிவதைப் பார்த்தால் எங்கள் விடுதியில் எல்லோரும் சிரிப்போம். உண்மையில் அதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். சிரித்துவிட்டுத் தொடர்ந்தும் பார்ப்போம் என்பதையும் சொல்ல வேண்டும். வயிற்றில் கத்திக்குத்து வாங்கியவன் அடுத்த காட்சியில் மாடிப்படி ஏறி ஓடும்போதுதான் நான் தொலைக்காட்சியை நிறுத்துகிறேன், ஏனென்றால் அப்படிக் குத்துப்பட்டவர் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார முயன்ற முதல் நாளில் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்.

உவர்மலையான்:
எல்லோருக்கும் நன்றி. அந்த அறையை எடுத்துவிட்டோம். இப்போது அவன் ஒன்றும் சொல்லவில்லை. களவெடுத்தானா இல்லையா என்பதையும் நாங்கள் சொல்லவில்லை. தாய் பார்சலோடு பேருந்துக்கு நிற்பதுடன் முடிக்கலாமா என்று யோசிக்கிறோம். நீதவான் நீதிமன்றக் காட்சி ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அதற்கு எங்கள் பாடசாலை மண்டபத்தில் ஒரு மேசை கேட்டிருக்கிறோம். ஐயா, வேறு என்னென்ன பொருட்கள் வேண்டும்?

பழைய உரைபெயர்ப்பாளர்:
நூல் கட்டிய பழைய கோப்புகள் ஓர் அடுக்கு, ஒரு மின்விசிறி, இருப்பவர்களுக்குப் போதாத வாங்குகள். மரச்சுத்தியல் வேண்டாம், தம்பி. என் சேவைக்காலம் முழுவதிலும் ஒருவர்கூட அதனைத் தட்டி நான் கண்டதில்லை.