புதுப்பிப்பு: இறுகிப்போன பழைய வள்ள மோட்டார் ஓடிவிட்டது

குளச்சலில் இரண்டு மழைக்காலம் தார்ப்பாய்க்குள் கிடந்த அப்பாவின் 9.9 குதிரைத்திறன் மண்ணெண்ணெய் மோட்டார், கயிற்றை இழுத்தால் அசையவே இல்லை என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

கீழ்ப்பகுதியை முதலில் கழற்றச் சொன்ன முட்டத்து அண்ணனின் யோசனைதான் வழிகாட்டியது. அதிலுள்ள கியர்பாக்ஸைப் பிரித்த பிறகும் ஃபிளைவீல் (எஞ்சின் மேலுள்ள கனமான சுழல்சக்கரம்) நகரவில்லை. ஆகவே கோளாறு சிலிண்டரில். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகள் வழியாக அசிட்டோனும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சம அளவில் கலந்து தினமும் கொஞ்சம் ஊற்றினேன். ஐந்தாம் நாள் ஃபிளைவீலைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியபோது நூலளவு நகர்ந்தது. அரை மணி நேரத்தில் முழுச் சுற்று. சுத்தியலால் தட்டச் சொன்னவர் மன்னிக்கவும்: ஃபிளைவீலுக்குள் காந்தங்கள் இருக்கின்றன, உடைந்தால் பிளக்கில் பொறியே வராது.

எதிர்பாராதது ஒன்று. மேல் சிலிண்டர் பளபளவென்று இருந்தது. கீழ் சிலிண்டரில் மட்டும் துரு. ஹெட்டை, அதாவது சிலிண்டர் மூடியைத் திறந்தால், நீர் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் ஓரிடத்தில் அரித்திருந்தது, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப்பாதை முழுக்க வெள்ளை உப்புக்கட்டி. கடைசியாகக் கரையேற்றியபோது நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவாதது என் சோம்பல்தான்.

சிலிண்டரைப் பட்டறையில் ஹோன் செய்து (உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கி), பிஸ்டன் ரிங், கேஸ்கட், குளிர்விக்கும் நீரை ஏற்றும் இம்பெல்லர் மூன்றையும் மாற்றினேன். டிரம் தண்ணீரில் நிறுத்தி, லிட்டருக்கு 40 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலில் இழுத்தேன் (மண்ணெண்ணெய் மோட்டாரையும் முதலில் பெட்ரோலில்தான் கிளப்ப வேண்டும்). ஆறாவது இழுப்பில் பிடித்தது. கால் மணி நேரம் வெண்புகை, தெருவே இருமியது.