வூஸ்டர் கிண்ணத்தில் தெரிந்த பச்சை வெளிச்சம்

இங்கிலாந்தில் வேலை பார்த்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தையில் நீலப் பூ வரைந்த வூஸ்டர் பீங்கான் தேநீர்க் கிண்ணம் ஒன்றைச் சாசரோடு வாங்கினேன். கைப்பிடி இல்லை. உடைந்துவிட்டதோ என்று தடவிப் பார்த்தேன். 18-ஆம் நூற்றாண்டில் சீனக் கிண்ணத்தைப் பார்த்துச் செய்ததால் தேநீருக்குப் பெரும்பாலும் இப்படித்தான், காபிக்குத்தான் கைப்பிடிக் கோப்பை என்றார் விற்ற பெரியவர். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. தேயிலை அன்று அவ்வளவு விலை. வரியே நூறு சதவீதத்தைத் தாண்டியிருந்தது; 1784-இல்தான் 12.5 சதவீதமாகக் குறைத்தார்கள்.

பெரியவர் டார்ச்சைக் கிண்ணத்துக்குள் வைத்தார். வெளிப்பக்கம் முழுக்க இளம்பச்சையாக ஒளிர்ந்தது. அப்புறம் அதைக் கவிழ்த்து, அடி வளையத்தின் உட்புறத்தில் பென்சிலால் கோடு இழுக்கச் சொன்னார். பீங்கானின் கண்ணாடிப் பூச்சின் மேல் பென்சில் வழுக்கிக்கொண்டு போனது. வளையத்தை ஒட்டிய மயிரிழை இடத்தில் மட்டும் கறுப்பாகப் பிடித்தது. அந்த இடத்தில் பூச்சு இல்லையாம். இதை மட்டும் வைத்து வூஸ்டர் என்று முடிவு கட்டக் கூடாது, காஃப்லி என்ற இன்னொரு ஆங்கிலேய ஆலையின் பாத்திரங்களிலும் இது உண்டு. ஆனால் அவற்றில் வெளிச்சம் பெரும்பாலும் ஆரஞ்சு சாயலில் வரும்.

வூஸ்டர், மருத்துவர் ஜான் வாலும் கூட்டாளிகளும் 1751-இல் தொடங்கிய ஆலை. கார்ன்வாலிலிருந்து மாக்கல் வரவழைத்து, அரைத்துக் கலவையில் சேர்த்தார்கள். ஆமாம், நம் கல்சட்டி செய்கிற அதே மாக்கல்தான்! அந்தக் காலத்து ஆங்கிலேயப் பீங்கான் பலவும் கொதிநீர் பட்டால் விரிசல் விடும், வூஸ்டர் தாங்கும். அம்மாவின் கல்சட்டியில் கொதித்த வத்தக்குழம்புதான் எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

*

அக்கா, உங்கள் கிண்ணக் கதையைப் படித்தேன். நான் பீங்கானின் அடியில் இருக்கும் ஆலை முத்திரையை நம்பி ஏமாந்தவன். அடியில் தங்க நங்கூரம் இருந்தது, 18-ஆம் நூற்றாண்டு லண்டன் ஆலையான செல்சீயின் பீங்கான் என்று சொல்லி ஒரு கடையில் விற்றார்கள். பல மாதம் கழித்து, விவரம் தெரிந்த ஒருவர் பார்த்த உடனேயே சொல்லிவிட்டார்: நங்கூரம் பெரிதாக இருக்கிறது, அசலில் கூர்ந்து பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சின்னது. செல்சீ மென்பீங்கான், இதுவோ வேறு கலவையில் செய்த கடினப் பீங்கான். 19-ஆம் நூற்றாண்டுப் போலி. அன்றிலிருந்து முதலில் எந்தப் பீங்கான் என்றுதான் பார்ப்பேன், முத்திரை கடைசியில்தான்.

வூஸ்டர் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போனால் அந்த ஆலைக்குச் செதுக்கிய ராபர்ட் ஹான்காக்கின் அச்சுப் படங்களைத் தவறவிடாதீர்கள். செப்புத் தகட்டில் செதுக்கி, மையை மெல்லிய தாளில் எடுத்து, அந்தத் தாளைப் பீங்கானில் ஒற்றுவார்கள். ஆணும் பெண்ணும் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் படம் ஒன்று உண்டு. ஊசிமுனைக் கோடுகளாலேயே ஆடையின் மடிப்புகளைக் காட்டியிருப்பார். அதைத் தேநீர்ப் பாத்திரத்திலேயே பார்ப்பது தனி சந்தோஷம்.

சரி அக்கா, அந்தக் கிண்ணத்தில் தேநீர் குடித்துப் பார்த்தீர்களா?

*

ஒரே ஒரு தடவை, தம்பி. தாங்கும் என்று தெரிந்தாலும் கொதிக்கக் கொதிக்க ஊற்ற மனம் வரவில்லை, ஆறவிட்டுத்தான் ஊற்றினேன். பால் சேர்க்கவில்லை. விளிம்பில் கட்டை விரலும் அடி வளையத்தில் நடுவிரலுமாகப் பிடித்துக்கொண்டேன். நாலு மடக்குதான். தேநீர் குறையக் குறைய, அடியில் வரைந்திருந்த நீலப் பூ தெளிந்து வந்தது.