ரோம் பாந்தியன்: 45 நிமிஷத் தனி கைடு, வயசான அப்பா அம்மாவோட சரிப்படுமா?

பாளை_மார்க்கெட் கேட்டது:

மே மாசம் ரோம்ல ரெண்டு ராத்திரி, ஒரு முழுப் பகல்தான் கையில இருக்கு. அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏற ஏலாது. பையனுக்கு 9 வயசு. கொலோசியம் நடை ஜாஸ்தின்னு விட்டாச்சு. பாந்தியன்ங்கிற பழைய ரோமர் காலத்துக் கோயிலை மட்டும் ஒரு தனி கைடு வச்சு முக்கால் மணி நேரத்துல பார்த்துட்டு வரலாம்னு யோசனை. (பாண்டியன் இல்லை, பாந்தியன். வீட்டுல இன்னும் "பாண்டியன் கோயில்"னுதான் சொல்லுதாவ.)

ஒரே ஒரு மண்டபத்துக்குக் கைடு தேவையா? நுழைவுச்சீட்டு கைடு கூலியிலயே சேர்ந்துருமா? எத்தனை மணிக்குப் போனா நல்லது? அம்மா உட்கார இடம், கழிப்பறை உண்டா? அப்பா வேட்டிதான் கட்டுவாவ, உள்ளே விடுவாங்களா?

ரதவீதி_வடக்கு:

கூலி விஷயத்தை முதல்ல சொல்லிருதேன், அங்கனதான் நிறைய பேர் ஏமாறுதாங்க.

இத்தாலியில கைடு வேலைக்கு அரசு உரிமம் வேணும். உரிமம் உள்ளவங்க பெரும்பாலும் குறைஞ்சது 2 மணி, 3 மணி நேரக் கூலிதான் பேசுவாங்க. "வெறும் 45 நிமிஷம்" வேணும்னா பதிவுத் தளங்கள்ல தேடணும். அங்கே "தனி" என்ற சொல்லை மட்டும் நம்பாதீங்க. தலைப்புல தனின்னு இருக்கும், கீழே சின்ன எழுத்துல "சிறு குழு, 15 பேர் வரை"ன்னு இருக்கும். விலை தலைக்கா, மொத்தக் குழுவுக்கா? உண்மையான தனி கைடுன்னா மொத்தத்துக்கு ஒரே விலை, நாலு பேரானாலும் ஆறு பேரானாலும் அதேதான்.

நுழைவுச்சீட்டு தனி. 2023 ஜூலை 3 வரைக்கும் பாந்தியனுக்குக் கட்டணமே கிடையாது. அன்னையிலிருந்து 5 யூரோன்னு வச்சாங்க. கிளம்புறதுக்கு முந்தி இத்தாலி அரசு அருங்காட்சியகங்களோட "மூசேய் இத்தாலியானி" தளத்துல அன்றைய விலையைப் பார்த்து, அங்கேயே எடுத்துருங்க. அதே சீட்டை "வரிசை இல்லாமல் நுழைவு"ன்னு பேர் மாத்திப் பல மடங்குக்கு விக்கிற தளங்கள் ஏகப்பட்டது. 18 வயசுக்குக் கீழே இலவசம், ஆனா பையன் பாஸ்போர்ட் கையில இருக்கணும். மாசத்தோட முதல் ஞாயிறு எல்லாருக்குமே இலவசம், அதனாலேயே அன்னைக்குப் போகாதீங்க.

சதுக்கத்துல நின்னுகிட்டு "கைடு, கைடு"ன்னு கூப்பிடுறவர் கழுத்துல உரிம அட்டை தொங்குதான்னு பாருங்க. இல்லேன்னா பேச்சே வேண்டாம்.

நேரம்: காலை 9க்குத் திறப்பு. இரவு 7க்கு மூடுவாங்க, கடைசி நுழைவு 6:30. சனி சாயங்காலமும் ஞாயிறு முற்பகலும் பூசை உண்டு, அந்த நேரம் சுற்றுலாக்காரங்களை விட மாட்டாங்க. ஏன்னா அது இன்னிக்கும் கோயில்தான். 609ல் போப் நாலாம் போனிஃபேஸ் அதை மரியன்னை, மறைசாட்சிகள் பேர்ல தேவாலயமா மாத்தினார். அது இடியாம நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம். உங்களுக்கு வார நாள், 9 மணிச் சீட்டு. பெரியவங்களுக்கு அதுதான் தோது.

கருப்பட்டி_காப்பி:

மதினி, நடை, உட்காருறது பத்தி.

பாந்தியன் பக்கத்துல மெட்ரோ கிடையாது. தெர்மினி ரயில் நிலையத்துலயிருந்து 40, 64 ஆம் நம்பர் பஸ் லார்கோ அர்ஜெந்தினா நிறுத்தத்துக்குப் போகும். அங்கேயிருந்து ஏறக்குறைய 400 மீட்டர், நம்ம டவுன்ல ஒரு ரதவீதி நடக்கிற அளவு. தூரம் பிரச்சினை இல்லை, தரைதான் பிரச்சினை. தெரு முழுக்கக் கைப்பிடி அளவு கருங்கல் கட்டை பதிச்சிருப்பாங்க. ரெண்டு கல்லுக்கு நடுவுல பள்ளம் இருக்கும், சில இடம் வழுவழுன்னு தேஞ்சிருக்கும். மெல்லிய செருப்போட நடந்தா ஒவ்வொரு கல்லும் முட்டிக்குத் தெரியும். அம்மாவுக்குத் தடிச்ச ரப்பர் அடி உள்ள ஷூ கட்டாயம். 64 ஆம் நம்பர் பஸ் பிக்பாக்கெட்டுக்குப் பேர் போனது. பாஸ்போர்ட்டு அப்பாவோட சட்டைப் பைக்குள்ள இருக்கக் கூடாது. டாக்சின்னா வெள்ளை வண்டி, மேலே பலகை, உள்ளே மீட்டர் இருக்கிறதுல மட்டும் ஏறுங்க.

படி பத்திப் பயப்பட வேண்டாம். பழங்காலத்துல முன்மண்டபத்துக்குப் படியேறித்தான் போகணும். 1,900 வருஷத்துல சுத்துப்பட்டுத் தரை உயர்ந்து படியெல்லாம் மண்ணுக்குள்ள போயிட்டு. இப்ப சதுக்கமே கோயிலைப் பார்த்துச் சரிஞ்சு இறங்குது. சக்கர நாற்காலிக்குச் சாய்தளமும் உண்டு. உள்ளே மார்புள் தரை சமமாத்தான் தெரியும், ஆனா நடு மட்டும் லேசா உயர்ந்திருக்கும். அண்ணாந்துகிட்டே நடந்தா கால் தடுமாறும். மேலே பார்க்கணும்னா நின்னு பாருங்கன்னு எல்லாருக்கும் முதல்லயே சொல்லி வச்சிருங்க.

பூசைக்குப் போட்ட மரப் பெஞ்சு பீடத்துக்கு முன்னால இருக்கும். 9 மணிக்குப் போனா இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கழிப்பறை உள்ளே கிடையாது. போற வழியில ஒரு காப்பிக்கடையில ஏறி, கவுண்டர்ல நின்னுகிட்டு ஒரு காப்பி குடிச்சுட்டுக் கழிப்பறை கேளுங்க. அதே காப்பியைச் சதுக்கத்து மேசையில உட்கார்ந்து குடிச்சா விலை வேற. அம்மாவுக்கு உட்காரணும்னா அந்தக் காசு தப்பில்லை, விலைப்பட்டியலைப் பார்த்துட்டு உட்காருங்க. தண்ணி காசு கொடுத்து வாங்காதீங்க. தெருவோரம் வளைஞ்ச மூக்கு மாதிரி இரும்புக் குழாய்ல ஓடிகிட்டே இருக்கும், நல்ல குடிதண்ணி.

வேட்டி: தோளும் முட்டியும் மூடியிருக்கணும், அவ்வளவுதான். வேட்டி பேஷா போகலாம். ஆனா மடிச்சுக் கட்டிகிட்டு உள்ளே போகக் கூடாது, வாசல்லயே அவுத்து விட்டுரச் சொல்லுங்க. பெரியவங்க முன்னால விடுறதுதானே, அதே பழக்கம்தான். செருப்பு கழட்ட வேண்டாம். தொப்பியை எடுத்துரணும்.

கல்தச்சன்:

கைடு தேவையான்னு கேட்டதுக்கு நேரடிப் பதில்: தேவை, ஆனா உள்ளே பேசுறதுக்கு இல்லை. உள்ளே அமைதியா இருக்கணும்னு ஒலிபெருக்கியில பல மொழியில சொல்லிகிட்டே இருப்பாங்க. அந்த எதிரொலியில கைடு பேசி, அதை நீங்க தமிழாக்கி, பெரியவங்க "என்னது?"ன்னு கேட்டு... பாதி நேரம் அதுலயே போயிரும். முன்கூட்டியே கைடுக்கு எழுதுங்க: 20, 25 நிமிஷம் வெளியே சதுக்கத்து ஓபிலிஸ்க் (கூர்முனைக் கல்தூண்) நீரூற்றுப் பக்கம் நின்னு சொல்லணும், ரெண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம் நிறுத்தணும், மிச்ச நேரம் உள்ளே வெறும் கையைக் காட்டினாப் போதும். இதுக்குச் சம்மதிக்கிறவர் நல்ல கைடு. 9 மணிச் சீட்டுன்னா 8:30க்கே சதுக்கத்துல சந்திக்கணும்.

வெளியே பார்க்க வேண்டியது நெத்தியில இருக்கிற எழுத்து. "லூசியஸ் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா, மூன்றாம் முறை கான்சலாக இருந்தபோது கட்டினான்"னு இருக்கும். கான்சல்னா ரோமோட உயர்ந்த ஆட்சிப் பதவி. அக்ரிப்பா மூணாம் முறை கான்சல் ஆனது கி.மு. 27. ஆனா அவன் கட்டினது கி.பி. 80ல் எரிஞ்சு போச்சு. இப்ப நிக்கிறது பேரரசர் ஹாட்ரியன் காலத்துல, ஏறக்குறைய 125ல் முடிஞ்சது. பழைய பேரையே திரும்பப் பொறிச்சுட்டாங்க. செங்கல்ல இருந்த முத்திரையை வச்சுத்தான் 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில இது உறுதியாச்சு. "அக்ரிப்பா கட்டியது"ன்னு சொல்லி முடிச்சுட்டு உள்ளே கூட்டிட்டுப் போற கைடுகிட்ட மேற்கொண்டு பெருசா எதிர்பார்க்காதீங்க.

அப்புறம் தூண். முன்மண்டபத்துல 16, ஒவ்வொண்ணும் ஒரே கல், ஏறக்குறைய 12 மீட்டர் உயரம், 60 டன். கட்டிப் பிடிக்க மூணு பேர் கை கோக்கணும். எல்லாம் எகிப்துக் கருங்கல். முன்வரிசைச் சாம்பல் நிறக் கல் கிழக்குப் பாலைவனத்துல வெட்டினது. 100 கிலோமீட்டருக்கு மேல தரையில இழுத்து நைல்ல ஏத்தி, கடல் தாண்டிக் கொண்டுவந்தாங்க. நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூணைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு இதுல செதுக்கு வேலை ஒண்ணுமே இல்லையேன்னு தோணும். வேலை முழுக்கக் கல்லைக் கொண்டு சேர்த்ததுலதான்.

முன்மண்டபத்து முக்கோண நெத்திக்குப் பின்னால, இன்னும் உயரத்துல, சுவரோட ஒட்டி இன்னொரு முக்கோணத்தோட கோடு தெரியும். முதல்ல 50 ரோமன் அடித் தூணுக்குத் திட்டம் போட்டு, வந்து சேர்ந்தது 40 அடிதான், அதான் மண்டபத்தைத் தாழ்த்திட்டாங்கன்னு ஆய்வாளர்கள்ல ஒரு சாரார் சொல்லுதாங்க. பையனுக்கு ஒரு வேலை: இடது மூலைத் தூணோட தலைப்பில் தேனீயைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க. 17ஆம் நூற்றாண்டுல அந்தத் தூணை மாத்தி வச்ச போப் எட்டாம் உர்பானோட பார்பெரினி குடும்பச் சின்னம் அது. அதே போப்தான் முன்மண்டபத்துக் கூரையிலிருந்த வெண்கலத்தைக் கழட்டிப் பெரும்பகுதியைப் பீரங்கிக்கு உருக்கினார்.

உள்ளே கும்மட்டம். குறுக்களவு 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சி வரைக்கும் அதே 43.3. முழுப் பந்து ஒண்ணு அப்படியே உள்ளே உட்காரும். கம்பி கட்டாத கான்கிரீட் கும்மட்டத்துல இன்னிக்கு வரைக்கும் உலகத்துல இதுதான் பெருசு. நம்ம ஊர்ல சுண்ணாம்போட கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த மாதிரி, அவங்க எரிமலைச் சாம்பலைச் சேர்த்தாங்க. சூட்சுமம் ஜல்லியில இருக்கு: அடியில கனமான கல், மேலே போகப் போக லேசான கல், உச்சியில நுரைக்கல். தடிமனும் அடியில 6 மீட்டருக்கு மேல, உச்சியில 1.2தான். அண்ணாந்து பார்த்தா தெரியுற குழிக்கட்டம் 5 வரிசை, வரிசைக்கு 28.

9 மணிங்கிறதுல மட்டும் எனக்கு ஒப்பு இல்லை. கும்மட்டத்து உச்சியில திறந்திருக்கிற துவாரம் வழியா விழுற ஒளிவட்டம்தான் அந்தக் கட்டடத்தோட உயிர், அது மத்தியானம்தான் வாசலுக்கு நேரா வரும். வாசல் வடக்குப் பார்த்தது. கடிகாரத்துல 12 மணிக்குப் போய் நின்னா ஏமாறுவீங்க. கோடையில அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வைக்கிறதால சூரியன் உச்சிக்கு வர்றது 1:10 வாக்குல. ஏப்ரல் 21, ரோம் பிறந்த நாள், அன்னைக்கு ஒளி நேரா வாசல்ல விழும். மே மாசம் வாசலுக்குக் கொஞ்சம் உள்ளே, தரையிலயே வட்டமா விழும். குளிர்காலத்துல கீழே இறங்கவே இறங்காது, கும்மட்டத்துலயே நின்னுரும்.

ரதவீதி_வடக்கு:

கல்தச்சன் அண்ணாச்சி, 1:10க்கு அங்கே ஆள் மேல ஆள் நிக்கும். மூட்டுவலிக்காரங்களை அந்த நெரிசல்ல அரை மணி நிக்க வைக்கணுமா? 9 மணிக்கும் ஒளி உண்டு. மேற்குப் பக்கம், கும்மட்டத்து மேல சாய்வா விழும். அதுபோதும்.

பாளை_மார்க்கெட்:

மூணு பேருக்கும் நன்றி. 9 மணியே வச்சுக்கிடுதேன். இன்னும் ரெண்டு சந்தேகம். மேலே துவாரம் திறந்தே இருக்கும்னா மழை பெஞ்சா? சீட்டுல பேர் கேக்குறான், அப்பாவுக்கு இனிஷியல்தான், குடும்பப் பேர் கிடையாது. என்ன போட?

கொற்கைக்கரை:

மழை உள்ளே விழும். "காத்து மேலே தள்ளுறதால ஒரு சொட்டுகூட விழாது"ன்னு சில கைடு சொல்லுவாங்க, அது சும்மா. துவாரம் ஏறக்குறைய 9 மீட்டர் அகலம். கீழே தரையில 22 சின்ன ஓட்டை இருக்கு, தண்ணி அதுவழியா வடியும். நடு உயர்ந்திருக்கிறதும் அதுக்குத்தான். மழை நாள்ல நடுவுல கயிறு கட்டிருவாங்க, ஈர மார்புள் வழுக்கும், அம்மாவை ஓரமாவே கூட்டிட்டுப் போங்க.

போற நாள் பெந்தெகொஸ்தே ஞாயிறா இல்லாமப் பார்த்துக்கோங்க, ஈஸ்டரிலிருந்து 50ஆம் நாள், பல வருஷம் மேயிலதான் வரும். பூசை முடிவுல தீயணைப்பு வீரர்கள் அந்தத் துவாரம் வழியா ரோஜா இதழ் கொட்டுவாங்க. பார்க்க அழகு, ஆனா இடம் கிடைக்காது.

கைடு சொல்லலேன்னா அப்பாகிட்ட நீங்களே சொல்ல ஒரு சேதி. கிளியோபாத்ராகிட்ட இருந்த ரெண்டு பெரிய முத்துல ஒண்ணைக் காடியில கரைச்சுக் குடிச்சான்னும், மிச்சம் ஒண்ணை ரெண்டா அறுத்து ரோம் பாந்தியன்ல இருந்த வீனஸ் சிலையோட ரெண்டு காதுலயும் மாட்டினாங்கன்னும் பழைய ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கார். எரிஞ்சு போன அக்ரிப்பா கட்டடம் அது. முத்து எந்தக் கடல்னு அவர் எழுதலை, கிழக்கு அரசர்கள் கைமாறி வந்ததுன்னு மட்டும்தான். ஆனா அதே நூற்றாண்டுக் கிரேக்க வணிகக் கையேடு பெரிப்ளஸ், பாண்டிய நாட்டுக் கொற்கையில தண்டனைக் கைதிகளை விட்டு முத்து குளிக்க வச்சாங்கன்னு சொல்லுது. உங்க வீட்டுல "பாண்டியன் கோயில்"னு சொல்லுறது ரொம்பத் தப்பில்லை.

ரதவீதி_வடக்கு:

பேர் விஷயம்: பாஸ்போர்ட்டுல இருக்கிறது எப்படியோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து. அதுல இனிஷியல் விரிச்சுத் தாத்தா பேர் குடும்பப் பேர் கட்டத்துல இருந்தா அதைப் போடுங்க. அந்தக் கட்டம் காலியா இருந்து, தளம் காலியா விட ஒத்துக்கலைன்னா, அப்பா பேரையே ரெண்டு கட்டத்துலயும் போட்டுட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில வச்சுக்கோங்க. வீட்டுல கூப்பிடுற பேரோ, ஆதார்ல இருக்கிற சுருக்கமோ வேண்டாம். பையன் சீட்டு விலை பூஜ்யம்னாலும் அதையும் சேர்த்தே எடுத்துருங்க. நாலு சீட்டையும் போன்ல சேமிச்சு, ஒரு தாள்லயும் அச்சடிச்சு அம்மா பையில போட்டுருங்க.

பாளை_மார்க்கெட்:

அப்பா பாஸ்போர்ட்டுல தாத்தா பேர் முழுசா இருக்கு, பார்த்துட்டேன். கைடுக்கு "வெளியே பேசு, உள்ளே கையைக் காட்டு"ன்னு எழுதியாச்சு. 8:30க்கு ஓபிலிஸ்க் பக்கம் நிக்கேன்னு பதில் வந்திருக்கு.

கருப்பட்டி_காப்பி:

அப்போ காப்பிக்கடைக்கு 8:10, மதினி.