தங்கச்சிக்கு பி.எஃப்.ஏ. படிக்க வேண்டுமாம்: நாலு வருடம் போடலாமா, ஆறு மாத கோர்ஸ் போதுமா?

திருப்பூர்_அண்ணன்

வணக்கம். தங்கச்சி ப்ளஸ் டூ காமர்ஸ் குரூப், பரீட்சை முடியப் போகிறது. சென்னை எழும்பூர் அரசு கவின் கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (நாலு வருட கவின் கலைப் பட்டம்), அதிலும் விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்தான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். சின்ன வயதிலிருந்தே வரைவாள், பள்ளி ஆண்டு மலர் அட்டை மூன்று வருடமாக அவள் கைதான். அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாலு வருடம் ஹாஸ்டலில் இருந்து படம் வரையப் படிக்க வேண்டுமா, இங்கேயே சென்டரில் ஆறு மாதம் ஃபோட்டோஷாப்பும் கோரல் டிராவும் கற்றுக்கொண்டால் ஏதாவது பிரிண்டிங் யூனிட்டில் டிசைனராக உட்கார்ந்துவிடலாமே என்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள், வீட்டில் அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன்.

அச்சுமை

தம்பி, நான் சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் 22 வருடமாக ப்ரீபிரஸ், அதாவது அச்சுக்குப் போகும் முன் ஃபைலைச் சரிபார்த்துத் தயார் செய்யும் வேலை பார்க்கிறேன். அப்பா சொல்வதில் பாதிக்கு மேல் சரி.

போன மாதம் டிசைன் டிகிரி முடித்த ஒரு பையன் கல்யாணப் பத்திரிகைக்கு ஃபைல் அனுப்பினான். பார்க்க அவ்வளவு அழகு. திறந்து பார்த்தால் முகூர்த்த நேரம் போட்டிருக்கும் பொடி எழுத்து நாலு கலரிலும் கலந்து நிற்கிறது. கறுப்பு எழுத்து என்றால் கறுப்பு மை ஒன்றில் மட்டும்தான் இருக்க வேண்டும். சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நாலும் சேர்ந்து ஒரு கறுப்பை உண்டாக்கினால், மெஷினில் ஒவ்வொரு மைக்கும் உள்ள பிளேட்டில் ஏதாவது ஒன்று முடி அளவு நகர்ந்தாலும் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் தட்டும், ரிஜிஸ்டர் போச்சு என்போம். ஓரத்தில் வெட்டுவதற்கு மூன்று மில்லிமீட்டர் ப்ளீடும் விடவில்லை. எங்களிடம் பத்தாம் வகுப்போடு வந்து சேர்ந்த பெண் பிள்ளை இதை இரண்டாவது வாரத்தில் கற்றுக்கொண்டது. நாலு வருடத்தில் ஒரு நாள்கூட பிரஸ் வாசலை மிதிக்காமல் பட்டம் வாங்கி என்ன பிரயோசனம் சொல்லுங்கள்.

கரித்துண்டு

அண்ணே, நான் அதே எழும்பூர் கல்லூரியில் படித்தவள், இப்போது புத்தக அட்டையும் உள்பக்க வடிவமைப்பும் செய்கிறேன். பிரஸ் வேலை பிரஸ்ஸில்தான் வரும் என்பதை மறுக்கவே மாட்டேன், எனக்கும் அப்படித்தான் வந்தது. ஆனால் அந்தப் பையன் ஃபைல் "பார்க்க அவ்வளவு அழகு" என்று நீங்களே சொன்னீர்களே, அது எங்கிருந்து வந்தது? ப்ளீடு விடுவது இரண்டு வாரத்தில் வரும். கண் இரண்டு வாரத்தில் வராது.

முதல் வருடம் எங்களுக்கு ஒரு மண்பானையை வைத்தார்கள். கரித்துண்டால் வரை. வரைந்தோம். மறுநாள் அதே பானை. மூன்றாம் நாள் ஆசிரியர் பானையை வரையாதே, பானைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடத்தை மட்டும் வரை என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, என்னத்தை வரைவது என்று புரியவில்லை. ஒரு வாரம் கழித்து ரயிலில் போகும்போது எதிரே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் தோளுக்கு நடுவில் இருந்த வெளிச்சத் துண்டு எனக்கு ஒரு உருவமாகத் தெரிந்தது. இன்றைக்கு ஒரு அட்டையில் தலைப்பை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது நான் பயன்படுத்துவது அந்தப் பானையைத்தான்.

லேயர்_மாஸ்க்

உணர்ச்சியாக இருக்கிறது அக்கா, ஆனால் இதற்கு நாலு வருடமா? நான் பி.காம். பாதியில் விட்டவன். யூடியூப் பார்த்து ஃபிக்மா என்ற டிசைன் சாஃப்ட்வேர் கற்று, கற்பனையாக பஸ் டிக்கெட் ஆப், மளிகைக்கடை ஆப் என்று பத்து வரைந்து, என் வேலைகளைக் காட்டும் தொகுப்பாக போர்ட்ஃபோலியோ போட்டேன். இப்போது பெங்களூரில் ஆப் டிசைனர், ஆறு வருடம் ஆகிறது. மூன்று கம்பெனி மாறிவிட்டேன், ஒரு இடத்தில்கூட சான்றிதழைக் கேட்கவில்லை. போர்ட்ஃபோலியோ லிங்க்தான் கேட்டார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். இப்போது நாலு வரி எழுதிக் கொடுத்தால் ஏ.ஐ. படம் போட்டுத் தந்துவிடுகிறது. தங்கச்சி படித்து வெளியே வரும்போது இந்தத் தொழில் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் போய் நாலு வருடத்தை முடக்குவது சரியில்லை. ஒரு வருடத்தில் சம்பாதிக்க ஆரம்பிக்கட்டும், பிறகு வேலை பார்த்துக்கொண்டே கற்கட்டும்.

கடன்_கட்டுகிறேன்

மூன்று பேரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். எந்தக் கல்லூரி என்பதைப் பொறுத்துத்தான் எல்லாமே.

நான் தனியார் டிசைன் கல்லூரி ஒன்றில் படித்தேன், பெயர் வேண்டாம். வருடத்துக்குச் சில லட்சம் ஃபீஸ், வங்கிக் கடன். ப்ரோஷரில் காட்டிய ஸ்டூடியோ பூட்டியே கிடந்தது. பாதி வகுப்பு கெஸ்ட் லெக்சரர், அதுவும் செமஸ்டர் நடுவில் மாறிவிடுவார். முடித்து ஐந்து வருடமாக இன்னும் தவணை கட்டுகிறேன். வலிக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணன் கவனிக்க வேண்டியது: நம் ஊர் ஆர்ட்ஸ் காலேஜ்களில் விஸ்காம் என்று சொல்லும் மூன்று வருட பி.எஸ்ஸி. வேறு, தங்கச்சி கேட்கும் நாலு வருட பி.எஃப்.ஏ. வேறு. விஸ்காமில் கேமரா, வீடியோ, விளம்பரம், பத்திரிகை என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போவார்கள், வரைவது குறைவு. அது மீடியா படிப்பு. பெயர் ஒன்று போல இருப்பதால் பல வீடுகளில் குழம்பிப்போய் சேர்த்துவிடுகிறார்கள், எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். இது தவிர பி.டெஸ். என்ற டிசைன் பட்டப்படிப்பு இருக்கிறது. ஐ.ஐ.டி. பம்பாய், குவாஹாத்தி, ஹைதராபாத் போன்ற இடங்களுக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வு, தேசிய வடிவமைப்பு நிறுவனமான அகமதாபாத் என்.ஐ.டி.க்கு அவர்களே நடத்தும் தனித் தேர்வு. இரண்டுக்கும் காமர்ஸ் குரூப் தடை இல்லை, ஆனால் விண்ணப்பம் முந்தைய வருடக் கடைசியிலேயே ஆரம்பித்துவிடும், இந்த வருடம் தாண்டிவிட்டது. அரசு கவின் கலைக் கல்லூரி என்றால் ஃபீஸ் நான் கட்டியதில் ஒரு துளிகூட வராது. எழும்பூர் தவிர கும்பகோணத்திலும் ஒன்று இருக்கிறது.

அச்சுமை

கரித்துண்டு அம்மா, பானைக் கதை நன்றாக இருந்தது, மனதாரச் சொல்கிறேன். ஆனால் இந்தக் கண் கல்லூரியில்தான் கிடைக்குமா? எங்கள் ஊர் காலண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியில் கொண்டையராஜு ஐயா ஸ்டூடியோ வைத்து வரைந்த முருகனும் லட்சுமியும் இந்தியா முழுக்க பூஜை அறையில் தொங்கின. அவர் கூடவே இருந்து கற்ற சீடர்கள் எந்தக் காலேஜுக்கும் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வர்ணம் அரைத்து, குருநாதர் கோடு போட்டதில் நிறம் நிரப்பி, அப்படித்தான் ஓவியர் ஆனார்கள். தொழில் என்பது பட்டறையில் வளர்வது.

கரித்துண்டு

அண்ணே, நல்ல ஆளைச் சொன்னீர்கள். கொண்டையராஜு எங்கே படித்தார்? இதே சென்னை ஓவியப் பள்ளியில். இன்றைய எழும்பூர் கல்லூரிதான் அது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்ற டாக்டர் ஆரம்பித்தது. கைத்தொழில் செய்பவர்களுக்கு வரையக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் அப்போதைய நோக்கமே. 1898 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்ய ஆரம்பித்தார். ஆக அது பிறந்ததே பட்டறையாகத்தான். ஒருவர் அங்கே போய்க் கற்று வந்ததால்தான் கோவில்பட்டியில் பத்துப் பேருக்கு அது கிடைத்தது. சீடர்கள் அவரிடம் வருடக்கணக்கில் இருந்து கற்றார்களே தவிர, ஆறு மாத கோர்ஸ் முடித்துக்கொண்டு போய்விடவில்லையே. இன்றைக்கு அப்படி ஒரு குருநாதர் பக்கத்தில் ஒரு பெண் பிள்ளை நாலு வருடம் உட்கார எந்த ஸ்டூடியோ இடம் தருகிறது? கல்லூரி ஒன்றுதான் தருகிறது.

லேயர்_மாஸ்க் தம்பிக்கு: நீங்கள் உழைத்து வந்தவர், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஏ.ஐ. பற்றிச் சொன்னதால் கேட்கிறேன், அதனிடம் ஒரு தமிழ் தலைப்பு எழுதிய போஸ்டர் கேட்டுப் பாருங்கள். பல நேரம் கால் முளைத்த, கொம்பு முளைத்த ஏதோ ஒன்று வரும். அது தப்பு என்று எந்தத் தமிழனும் சொல்லிவிடுவான். ஓரளவு சரியாக வந்த எழுத்திலும் "ழ"வின் கால் ஏன் நொண்டுகிறது, எந்த இடத்தில் கனம் குறைய வேண்டும் என்று சொல்லத்தான் படித்தவர் வேண்டும். எங்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்க எழுத்து வரைவதுதான். கட்டம் போட்ட தாளில் பட்டைப் பிரஷ்ஷால் "அ" மட்டும் நாற்பது தடவை வரைந்தேன். முதல் சுழி உருண்டால் வயிறு சப்பை ஆகும், வயிறு சரியானால் வலப்பக்கக் கோடு சாயும். யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பழைய "லை", "னை" எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் போனது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படிப் போனதால் ஒரு வரியின் அகலம் எப்படி மாறுகிறது என்பதை அங்கேதான் கையால் வரைந்து பார்த்தேன்.

அச்சுமை அண்ணன் சொன்ன பத்திரிகைக்கே வருகிறேன். ஆங்கிலத்துக்கு வைக்கும் அதே வரி இடைவெளியைத் தமிழுக்கு வைத்தால் மேல் வரியில் இருக்கும் "ளு"வின் வாலும் கீழ் வரியில் இருக்கும் "றி"யின் கொக்கியும் இடித்துக்கொள்ளும். சாஃப்ட்வேர் அதை எச்சரிக்காது. கண் சொல்ல வேண்டும்.

லேயர்_மாஸ்க்

ரூபாய்ச் சின்னம் வரைந்த உதயகுமார் ஆர்க்கிடெக்ட் தானே? ஓவியக் கல்லூரிக்கா போனார்?

கரித்துண்டு

ஆர்க்கிடெக்சர் முடித்துவிட்டு ஐ.ஐ.டி. பம்பாயில் விஷுவல் கம்யூனிகேஷனில் முதுகலை படித்து, பிறகு அங்கேயே தமிழ் எழுத்துருவியலில் ஆராய்ச்சி செய்தவர் தம்பி. 2010 ஜூலையில் அரசு அந்தச் சின்னத்தை ஏற்றபோது அவருக்குப் பின்னால் அத்தனை வருடப் படிப்பு இருந்தது. தேவநாகரி "ர"வையும் ரோமன் "ஆர்"ஐயும் ஒரே உருவத்துக்குள் நிறுத்துவது எழுத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தவருக்கு வரும் வேலை.

லேயர்_மாஸ்க்

சரி, அந்த விஷயத்தில் நான் தப்பு. முழுசாகத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

ஆனால் பணம் பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது. எல்லார் வீட்டிலும் நாலு வருடம் காத்திருக்க முடியாது. எனக்கு முடியவில்லை, அப்பா படுத்துவிட்டார், அதனால்தான் படிப்பை விட்டேன். கண்ணைப் பற்றி நீங்கள் சொல்வது எனக்கும் உறைக்கிறது. இப்போதும் சீனியர் ஒருவர் என் ஸ்கிரீனைப் பார்த்து "எங்கேயோ கனமாக இருக்கிறது" என்பார், அது எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். படித்து வந்தவர்கள் உடனே கையை வைக்கிறார்கள். அதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். தங்கச்சிக்கு வீட்டில் தாங்க முடியும் என்றால் நான் தடுக்க மாட்டேன்.

அச்சுமை

வரி இடிப்பது உண்மை. அதை நாங்கள் ப்ரூஃப் எடுத்த பிறகு கையால் தள்ளித் தள்ளிச் சரிசெய்கிறோம், ஏன் இடிக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இருந்தாலும் என் பேச்சை விட மாட்டேன். பிரஸ், ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை, ஃப்ளெக்ஸ் கடை எதையும் பார்க்காமல் நாலு வருடம் ஓட்டினால் அந்தக் கண்ணால் வீட்டுச் சுவரைத்தான் பார்க்க முடியும்.

கரித்துண்டு

அதில் உங்களோடு நான் ஒரே கட்சி. இதே கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆரம்பித்தபோது ஓவியர்கள் மெழுகு வைத்துச் சாயம் போடும் பாத்திக் துணி செய்து விற்றுத்தான் நிலத்துக்குப் பணம் சேர்த்தார்கள். கைவேலை சோறு போடும், அதை வைத்துக்கொண்டு படம் வரையலாம் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். திருப்பூர்ப் பெண்ணுக்குத் துணியில் அச்சடிப்பது வாசலிலேயே இருக்கிறதே. லீவில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் நின்றாலே போதும், ஒரு படத்தை எத்தனை நிறமாகப் பிரிப்பது, எந்த நிறத்தை முதலில் அடிப்பது என்று கைக்கு வந்துவிடும். அதோடு கல்லூரிக்கு வந்தால் அவள் மற்றவர்களைவிட ஒரு படி முன்னால் இருப்பாள்.

கடன்_கட்டுகிறேன்

அண்ணன், சேர்ப்பதற்கு முன்னால் நேரில் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். ஆபீஸில் கேட்காதீர்கள், கடைசி வருட மாணவர்களிடம் பேசுங்கள், அவர்கள் செய்த வேலையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். நான் அதைச் செய்திருந்தால் இந்தக் கடன் இருந்திருக்காது.

திருப்பூர்_அண்ணன்

எல்லாவற்றையும் நேற்று ராத்திரி சாப்பிட்ட பிறகு வாசித்துக் காட்டினேன். பானையும் சுவரும் வந்தபோது தங்கச்சி எழுந்து உள்ளே போய்விட்டாள், கோபமோ என்று பார்த்தால் ஒரு நோட்டோடு வந்து சொம்பை நடுவில் வைத்து வரைய ஆரம்பித்துவிட்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கட்டிங்கில் நாங்களும் அப்படித்தான், பீஸைப் பார்க்க மாட்டோம், பீஸுக்கு நடுவில் வீணாகும் துணியைத்தான் பார்ப்போம் என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் மூன்று பேரும் எழும்பூர் போகிறோம். விண்ணப்பம் எப்போது என்று கேட்டுவிட்டு, கடைசி வருடப் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வருகிறோம். அச்சுமை அண்ணே, ஒரு உதவி. ரிசல்ட் வரும்வரை அவள் சும்மாதான் இருப்பாள். சிவகாசியில் எங்கள் சித்தி வீடு இருக்கிறது. பத்து நாள் உங்கள் பிரஸ்ஸில் நின்று பார்க்க விடுவீர்களா?

அச்சுமை

கூட்டிக்கொண்டு வாங்க தம்பி, முதலாளியிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். முதல் நாள் பிளேட் போடுவதைக் காட்டுகிறேன், அப்புறம் அந்தக் கல்யாணப் பத்திரிகை ஃபைலையே அவளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்கிறேன். துப்பட்டாவை நன்றாகப் பின் பண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள், மெஷின் ஓடும் இடம். வரைந்த நோட்டையும் மறக்காமல் எடுத்து வரட்டும், எனக்கும் பார்க்க வேண்டும்.