புதுப்பிப்பு: தக்ளி கைகொடுத்தது!

ஏழாம் வகுப்புக்குத் தொழிற்புரட்சியை எப்படிப் புரியவைப்பது என்று போன வாரம் கேட்டிருந்தேன். தக்ளியை, அதாவது பஞ்சைக் கையாலேயே முறுக்கி நூலாக்கும் சிறு கதிரை, பிள்ளைகள் கையில் கொடுங்கள் என்றீர்கள், கொடுத்தேன். அரை மணி நேரத்தில் ஒருத்திக்கு மட்டும் ஒரு முழம் நூல் வந்தது. அதுவும் மூன்று முறை அறுந்து, ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மயிரிழையாய்.

அப்போதுதான் இங்கிலாந்துக்காரர் ஹார்கிரீவ்ஸ் உருவாக்கிய ஜென்னி என்ற நூற்பு இயந்திரத்தைச் சொன்னேன்: ஒரே ஆள், ஒரு சக்கரம், 8 கதிர்கள், ஒரே நேரத்தில் எட்டு நூல். "அப்போ மத்த ஏழு பேருக்கு வேலை, மிஸ்?" என்றாள் அவளே. 1768-இல் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதி நூற்பாளர்கள் ஹார்கிரீவ்ஸ் வீட்டில் புகுந்து இயந்திரங்களை உடைத்ததை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஓடும் இயந்திரத்துக்கு அடியில் தவழ்ந்து பஞ்சு பொறுக்கிய பிள்ளைகளைச் சொன்னதும் வகுப்பே அடங்கிவிட்டது. பிரிட்டனின் 1833 தொழிற்சாலைச் சட்டம் 9 வயதுக்குக் கீழானவர்களைப் பஞ்சாலை வேலைக்கு வைக்கத் தடைபோட்டது என்றேன். "என் தம்பிக்கு எட்டு, மிஸ்" என்றான் ஒருவன்.

அடுத்த வாரம் நீராவி. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி.