அப்பாவுக்குத் தொடைச் சதை வற்றிக்கிட்டே போகுது, சாப்பாட்டிலேயே சரிபண்ண முடியுமா?

வைகைக்கரை
அப்பாவுக்கு 68 வயசு, எடை 60 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறார். காலையில 3 இட்லி, மதியம் சோறு, சாம்பார், மோர், ராத்திரி 2 சப்பாத்தி. தினமும் அரை மணி நேரம் நடக்கிறார். ஆனாலும் கை ஊன்றாம நாற்காலியில இருந்து எழ முடியலை. முட்டை சாப்பிடுவார், கறி மீன் கிடையாது. புரோட்டீன் பவுடர் வாங்கணுமா?

பத்தியச்சோறு
பவுடர் இப்போ வேண்டாம், முதல்ல கணக்கைப் பாருங்க. இந்த வயசுல கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேணும். அப்பாவுக்கு 60–72 கிராம். நீங்க சொன்ன சாப்பாட்டுல 35 தேறினாலே பெரிசு. ஒரு இட்லியில 2 கிராம்தான்.

வயசான தசை கொஞ்சூண்டு புரதத்துக்கு அசைஞ்சு கொடுக்காது. அதனால வேளைக்கு 20 கிராம் வாக்கில் போகணும். காலையில 2 இட்லி, 2 அவிச்ச முட்டை, ஒரு டம்ளர் பால். முட்டை இல்லாத நாள் 60 கிராம் பாசிப்பயறு ஊறவெச்சு அரைச்ச அடை. மதியம் சோற்றைக் கால் பங்கு குறைச்சுட்டு, 40 கிராம் துவரம்பருப்பைக் கெட்டியா மசிச்சுப் போடுங்க, மோருக்குப் பதில் 200 கிராம் தயிர். சாயங்காலம் 40 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை சுண்டல். ராத்திரி சப்பாத்திக்கு 75 கிராம் பனீர் அல்லது 25 கிராம் மீல் மேக்கர். 65–70 கிராம் வந்துடும்.

பருப்பு, பயறு, மீல் மேக்கர் எடையெல்லாம் வேகறதுக்கு முன்னாடி. வெந்த கடலை தண்ணி குடிச்சு இரண்டு மடங்கு கனக்கும், அதை எடை போட்டா கணக்குப் பாதியா விழுந்துடும்.

நிமிர்ந்தநடை
சாப்பாடு மட்டும் போட்டாத் தசை வராது. நடை இதயத்துக்கு நல்லதுதான், ஆனா தொடைக்கு அந்தப் பளு போதாது. கை வைக்காத நாற்காலியைச் சுவரோட ஒட்டிப் போட்டு, கையை மார்புல கட்டிக்கிட்டு உட்கார்ந்து எழச் சொல்லுங்க. இப்போ முடியாதுன்னா நாற்காலி மேல கெட்டியான மெத்தை ஒண்ணு போட்டு உயரத்தைக் கூட்டுங்க. சுலபமான பிறகு எடுத்துடலாம். 8 தடவை, இரண்டு மூணு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். உட்காரும்போது மூணு எண்ணி மெதுவா இறங்கணும். தொப்புன்னு விழுந்தா பாதிப் பலன் போச்சு. மூச்சை அடக்கக் கூடாது, பிரஷர் ஏறும்.

மாசம் ஒரு தடவை சோதிங்க: 5 தடவை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதுக்கு மேல ஆச்சுன்னா பலம் இன்னும் குறைவுன்னு அர்த்தம்.

வைகைக்கரை
சுண்டல் கொடுத்தா வயிறு உப்புதுங்கிறார். இவ்வளவு புரதம் சேர்த்தா சிறுநீரகத்துக்குப் பயமில்லையா?

பத்தியச்சோறு
8 மணி நேரம் ஊறவெச்ச தண்ணியைக் கொட்டிட்டு, புதுத் தண்ணியில குக்கர்ல நசுங்கற பதத்துக்கு வேகவைங்க. முதல் வாரம் 15 கிராமோட நிறுத்துங்க.

மாத்திரைப்பெட்டி
சிறுநீரகக் கேள்வி ரொம்ப முக்கியம். புரதத்தைக் கூட்டறதுக்கு முன்னாடி ரத்தத்துல கிரியாட்டினினோட (சிறுநீரகம் வெளியேத்தற கழிவு) சிறுநீர் ஆல்புமினும் (சிறுநீர்ல கசியற புரதம்) பாருங்க. கிரியாட்டினின் தசையிலிருந்து வர்றது, சதை வற்றினவங்களுக்குக் கெட்டுப்போன சிறுநீரகத்திலும் நார்மல்னு காட்டலாம். ஏற்கெனவே பாதிப்பு இருந்தா மேல சொன்ன அளவு அவருக்கு இல்லை, டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

வைட்டமின் பி12-உம் பாருங்க. மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா எடுத்தா அது குறையலாம். கால் மரத்துப் போறது, தள்ளாட்டம் எல்லாம் சர்க்கரையாலன்னு விட்டுடறாங்க.

அப்புறம் கிளிமிபிரைடு. சோற்றைக் குறைச்சு, உடற்பயிற்சியும் கூட்டினா சர்க்கரை திடீர்னு இறங்கும். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி டோஸ் கேளுங்க. வெறும் வயித்துல பயிற்சி வேண்டாம், பக்கத்துல குளுக்கோஸ் இருக்கட்டும். வியர்வை, நடுக்கம் வந்தா உடனே 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணியில கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி சர்க்கரை பாருங்க.